கழுத்தைத் தொடும் முன்

மார்ச் 3, திங்கள்

என் ஆய்வின் நாற்பத்தாறாம் எண் நோயாளி இன்று விலகிக்கொண்டார். மகளுக்குப் பரீட்சையாம், கழுத்து வலிக்காக வாரம் இரண்டு முறை வர முடியாதாம். போன வாரம் இரண்டு பேர், இன்று ஒருவர். எண்பது பேர் தேற வேண்டும். என் ஆய்வுக்குக் கிடைத்த கூடுதல் அவகாசம் ஜூனோடு முடிகிறது. இன்னொரு முறை கேட்க எனக்கு முகமில்லை.

அப்பா நேற்றும் நாகர்கோவிலிலிருந்து போன் செய்து, "நீ அங்க என்னதான் மக்களே ஆராய்ச்சி பண்ணுத?" என்று கேட்டார். கழுத்து வலிக்காரர்களை இரண்டு பிரிவாக்குகிறோம். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி மட்டும், இன்னொரு பிரிவுக்கு உடற்பயிற்சியோடு கழுத்து மூட்டைச் சடக்கென்று தள்ளிவிடும் சிகிச்சையும். எதில் வலி அதிகம் குறைகிறது என்று பார்க்கிறோம் என்றேன். "நம்ம ஊருல சுளுக்கு எடுக்கது மாதிரியாக்கும்?" என்றார். அதற்கு நான்கு வருஷமா என்று கேட்கவில்லை. அப்பா நல்லவர்.

மத்தியானம் புதிதாக ஒருவர் சேர்ந்தார். எண் 47. கனகமணி, நாற்பத்து மூன்று வயது, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் தேடி நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறார். எட்டு மாதமாகக் கழுத்து வலி. ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 'மிக அரிதாக, கழுத்தில் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்' என்ற வரியில் நிறுத்தி, புரிகிறதா என்று கேட்டேன்.

"நீங்க பக்கத்துலதான இருப்பீங்க மேடம்?" என்றார்.

இருப்பேன் என்றேன். கையெழுத்துப் போட்டார். எந்தப் பிரிவு என்று எழுதி ஒட்டிய உறையைப் பிரித்தோம். சடக்குப் பிரிவு.

மார்ச் 6, வியாழன்

கனகமணிக்கு முதல் சிகிச்சை.

என் அறை முன்பு பழைய கட்டில்கள் போட்டுவைத்த இடம். ஜன்னல் கிடையாது. ஒரு கதவு நடைபாதைக்கு, இன்னொரு கதவு என் ஆய்வு வழிகாட்டி, பிசியோதெரபிப் பேராசிரியர் கோதண்டபாணி சாரின் சிகிச்சை அறைக்கு. உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் நான் ஏழு கேள்வி கேட்க வேண்டும். தலைசுற்றல் உண்டா, கண் இருட்டுகிறதா, எதுவும் இரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கக் கஷ்டமா, முகம் மரத்துப்போகிறதா, இதுவரை இல்லாத மாதிரி புதிதாகத் தலைவலி உண்டா. ஏழில் ஒன்றுக்கு 'ஆம்' என்று டிக் விழுந்தாலும் சார் கழுத்தைத் தொட மாட்டார். ஆளை உடனே ஸ்கேனுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆராய்ச்சியிலிருந்தும் அவர் வெளியே.

ஏழுக்கும் 'இல்லை'. சார் அவர் தலையை இரண்டு கையிலும் ஏந்தி, ஒரு எல்லைவரை மெல்லத் திருப்பி, அங்கே ஒரு சின்னத் தள்ளு கொடுத்தார். சொடக்குப் போட்டது மாதிரி சத்தம். கனகமணி எழுந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏனுங் மேடம், தல என்ற மேலயே இல்லாத மாதர இருக்குதுங்க!"

முப்பது வருஷக் கை. நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அந்தக் கையைப் பார்த்துத்தான்.

மார்ச் 8, சனி

ஹாஸ்டலில் தண்ணீர் இல்லை. துவைக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

கனகமணி இரண்டாம் முறை. வலி பத்துக்கு ஏழிலிருந்து நான்காக இறங்கியிருக்கிறது. எனக்கு ஒரு டப்பாவில் வீட்டில் சுட்ட இனிப்புக் கச்சாயம் கொண்டுவந்தார். ஆராய்ச்சியில் இருப்பவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்றேன். "இது ஆராய்ச்சிக்கு இல்லீங்க, உங்களுக்குங்க" என்றார். இரண்டு தின்றேன்.

இன்றோடு முப்பத்தெட்டுப் பேரின் சிகிச்சை முழுதாக முடிந்தது. இந்த வேகத்தில் போனால் ஜூனுக்குள் முடித்துவிடலாம்.

மார்ச் 13, வியாழன்

வெயில் இப்போதே கொளுத்துகிறது. கனகமணி திருப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு இரண்டு பஸ் மாறி, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்ததில் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருக்கிறார். துணி காயப்போட அண்ணாந்தபோது கொஞ்சம் கிறுகிறுவென்று வந்ததாம். வெறும் வயிறு, வேறென்ன. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். குடித்ததும் தெளிந்துவிட்டார். ஏழுக்கும் 'இல்லை'. சிகிச்சை நடந்தது.

மெஸ்ஸில் புளிசாதம்.

மார்ச் 15, சனி

காலை பத்தரைக்குக் கனகமணியின் கணவர் நாச்சிமுத்து போன் செய்தார். நேற்று மத்தியானம் கனகமணி கம்பெனியில் மேசையோரமே சாய்ந்துவிட்டாராம். பேச்சு குழறுகிறது, வாயில் ஊற்றிய தண்ணீர் மூக்கில் வருகிறது. கோயம்புத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். "உங்க நம்பரு அவ போன்ல முதல்ல இருந்துதுங்க. திங்கக்கெழம வர முடியாதுன்னு சொல்லத்தானுங்க கூப்பிட்டேன்."

சாருக்குச் சொன்னேன். "இப்பவே கிளம்பு. டூட்டி டாக்டர் கிட்ட கழுத்துல மேனிப்புலேஷன் பண்ணினோம்னு முதல்ல சொல்லு. அவங்களுக்கு அது தெரிஞ்சாகணும்" என்றார். பஸ்ஸுக்குக் காத்திராமல் ஆட்டோ பிடித்தேன்.

டூட்டி டாக்டர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். கழுத்துச் சிகிச்சை என்றதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். உடனே கழுத்து ரத்தக்குழாய்க்கு ஸ்கேன் எழுதினார். பிறகு கேட்டார்: "அதுக்கு முன்னாடி தலைசுத்தல், தலைவலின்னு ஏதாவது சொன்னாங்களா?"

ஃபாரத்தில் இல்லை என்று இருக்கிறது என்றேன்.

"ஃபாரம் இருக்கட்டும். உங்ககிட்ட சொன்னாங்களா?"

இல்லை என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

கழுத்தின் பின்பக்கமாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் உள்சுவர் கிழிந்திருக்கிறது. அதனால் வந்த பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். இடது கண்ணிமை பாதி இறங்கியிருக்கிறது. குரல் போய்விட்டது. மூக்கில் குழாய் விட்டுத்தான் கஞ்சி. உட்கார வைத்தால் இடப்பக்கமாகச் சரிகிறார். வலது கையில் சூடும் குளிரும் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. நான் அதிக நேரம் இருக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கும் போகவில்லை.

மார்ச் 17, திங்கள்

சார் எதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமையே, ஆராய்ச்சிகளை மேற்பார்க்கும் எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதிவிட்டார். சிகிச்சைப் பிரிவை நிறுத்தி வைத்துவிட்டார். அவருடைய மேசைக்கு எதிரே நான் நின்றிருக்க, 47-ஆம் எண்ணின் ஃபாரங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மூன்றாவது ஃபாரத்தில் அவர் விரல் ஏழு கட்டத்தின் மேலும் மெதுவாக இறங்கி வந்தது.

"எல்லாமே இல்லைதான்" என்றார். "நீ சரியாத்தாம்மா கேட்டிருக்க. அறிகுறியே இல்லாம வந்திருக்கு. மனசைப் போட்டு உழப்பிக்காதே."

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்தேன்.

மார்ச் 19, புதன்

நாச்சிமுத்துவும் அவர் பக்கத்து ஆட்கள் நான்கு பேரும் கல்லூரிக்கு வந்தார்கள். நடைபாதையில் சாரை மறித்துக்கொண்டு நாச்சிமுத்து கத்தினார். "இந்தக் கைதான? இந்தக் கைதானய்யா என்ற பொண்டாட்டி கழுத்தத் திருகுச்சு?" சாரின் மணிக்கட்டைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். சார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாணவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் என் அறைக்குள் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

ஒன்றுமில்லை. வருகைப் பதிவேடு சரிபார்த்தேன்.

மார்ச் 26, புதன்

எதிக்ஸ் கமிட்டி. ஏழு பேர் நீள மேசையில். கனகமணி பேசும் நிலையில் இல்லாததால் ஃபாரமே போதும் என்றார்கள். ஒரு வக்கீல் அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "அந்தப் பெண்மணி வேறெதாவது சொன்னாரா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் சொன்னார்: "மேடம், எவாஞ்சலின் மாதிரி பொறுமையாக் கேக்கற ஆளை நான் முப்பது வருஷத்துல பாத்ததில்லை. அவங்க இல்லைன்னு எழுதினா இல்லைதான். தப்புன்னு ஒண்ணு இருந்தா அது என் கையோடது."

எல்லோரும் தலையசைத்தார்கள். வக்கீல் அம்மா பேனாவை மூடினார். நானும் தலையசைத்தேன் போலிருக்கிறது.

முன்கூட்டி அறிய முடியாத நிகழ்வு என்று முடிவு. ஒரு மாதம் கழித்து மறுபடி கூடி, ஆராய்ச்சியைத் தொடரலாமா என்று பார்ப்பார்கள்.

மார்ச் 28, வெள்ளி

காலையிலிருந்து கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. தலையணையை மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

சார் கூப்பிட்டு ஒரு பரிசு கொடுத்தார். கனகமணிக்கு நேர்ந்ததை மருத்துவ இதழுக்கு எழுத வேண்டுமாம். எச்சரிக்கை அறிகுறி எதுவுமில்லாமல் நேர்ந்த கழுத்து ரத்தக்குழாய்க் கிழிசல். உலகத்தில் இப்படிப் பதிவானவை குறைவு. "உன் பேரை முதல்ல போடறேன்மா. ஆராய்ச்சி நின்னு போனாலும் உன் படிப்பு நிக்கக் கூடாது."

நன்றி சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏப்ரல் 5, சனி

கனகமணி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இன்று போனேன். ஒரே வரிசையில் பத்துக் கதவு உள்ள லைன் வீடு. நாச்சிமுத்து ஷிப்டுக்குப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று.

மூக்குக் குழாய் இன்னும் இருக்கிறது. குரல் கொஞ்சம் வந்திருக்கிறது, உமியில் நடப்பது மாதிரி. கிட்டே காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"யார்கிட்டயும் சொன்னீங்களா?"

எதை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அன்னைக்கு நான் சொன்னதைத்தானுங்க. தல சுத்துது, பின்மண்டைல புதுசா ஒரு வலின்னு. நீங்க எழுதறதுக்குப் போனீங்க. நாந்தான் எழுதாதீங்கன்னு கையப் புடிச்சேன். எழுதினா சார் அந்தச் சடக்குப் போட மாட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க. அது போட்டாத்தான் எனக்குச் செரியாகும்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிவிட்டு என் விரலைப் பிடித்தார். "சொல்லீராத கண்ணு. உன்ற படிப்புப் போயிரும். எங்க வீட்டுக்காரரும் நீயாத்தான தேடிக்கிட்டேன்னு என்னையத்தான் வைவாரு. ஆனது ஆயிருச்சு."

இதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

சொல்ல மாட்டேன் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது, எனக்கு அந்த வாக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

கட்டுரையின் முதல் வடிவம் முடிந்தது. பின்னணி, நோயாளி விவரம், ஸ்கேன் படங்கள். 'சிகிச்சைக்கு முன் முறையாகக் கேட்கப்பட்ட ஏழு கேள்விகளுக்கும் நோயாளி இல்லை என்று பதிலளித்தார்.' இந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன். இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

முடிவுரையில் சார் ஒரு வரி சேர்த்தார்: இப்படிப்பட்ட கேள்விகளால் ஆபத்தை முன்கூட்டி அறிய முடியும் என்று நம்ப இந்த நிகழ்வு இடம் தரவில்லை.

கழுத்தைத் திருப்ப முடியாததால் இப்போதெல்லாம் உடம்பையே திருப்பித்தான் பின்னால் பார்க்கிறேன். விடுதியில் சிரிக்கிறார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சேலத்தில் கிளினிக் வைத்திருக்கும் சாரின் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். சார் விஷயத்தைச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கேள்வியெல்லாம் சும்மாதான் சார். பேஷண்டுக்கும் பயம், நமக்கும் நேர விரயம். நான் போன வாரமே கேக்கறதை விட்டுட்டேன்" என்றார்.

போன வாரமே? எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிசியோக்களின் வாட்ஸாப் குரூப்பில் வந்ததாம். கோயம்புத்தூரில் ஒரு கேஸ், ஸ்க்ரீனிங் கேள்விகள் சுத்தமாக இருந்தும் வந்துவிட்டது என்று.

ஒரு நாளைக்கு எத்தனை கழுத்து பார்ப்பீர்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு, பதினைந்து என்றார்.

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் போயிருந்தார். நம்பர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

ஊருக்குப் போகவில்லை. அப்பா போன் செய்தார்.

"என்ன மக்களே, ஒன் சத்தம் ஒரு மாதிரி கெடக்கு?"

"கழுத்து பிடிச்சிருக்குப்பா."

"நாலு வருசமா கழுத்தத்தான படிக்கே, இதச் சரியாக்கத் தெரியலயா?" என்று சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். பிறகு அவர் சிரிக்காமல், "எதாம் தப்பாயிட்டுன்னா சொல்லிரு மக்களே. வீட்டுக் கதவு பூட்டியா கெடக்கு?" என்றார்.

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்வது எனக்கு எவ்வளவு எளிதாக வருகிறது!

ஏப்ரல் 22, செவ்வாய்

இதை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

கட்டுரையின் கடைசித் திருத்தங்களோடு காலை பதினொரு மணிக்குச் சாரின் அறைக்குப் போனேன். வாசலில் நின்றபடி உடம்போடு திரும்பிக் கதவைச் சாத்தியதை அவர் பார்த்துவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி இருக்க?"

மூன்று வாரம் என்றேன்.

"அங்க போய்ப் படு. பாத்துடலாம்." கொஞ்சம் தயங்கினார். "அஞ்சு வாரமாச்சு நான் ஒரு கழுத்தைத் தொட்டு. வேண்டாம்னா சொல்லு, வேற யாரையாவது பாக்கச் சொல்றேன்."

அவர் அதைக் கேட்ட விதத்தில் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போய்ப் படுத்தேன். நான்கு வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்த்த கட்டிலில் ஒருநாளும் படுத்ததில்லை. கூரையில் மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையும் தலைக்கு அடியில் வந்தன.

"கேட்டுடறேன்" என்றார். "தலைசுத்தல் ஏதாவது இருக்கா?"

என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதே இல்லை. எப்போதும் கேட்கிறவள் நான்.

"இருக்கு சார்" என்றேன். பொய்யில்லை. காலையிலிருந்து இருந்தது.

கைகள் உடனே விலகிவிட்டன. ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ஸ்டூலைப் பின்னால் தள்ளி எழுந்தார். "அப்ப நான் தொட மாட்டேன். எழுந்திரு, மெதுவா. முதல்ல ஸ்கேன். எவ்வளவு நாளா சுத்துது? ஏன்ம்மா சொல்லல? ஒரு பிசியோ, உனக்குத் தெரியாதா?"

எழுந்து உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை.

"கனகமணியும் சொன்னாங்க சார்."

அவர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதப் பேனா தேடிக்கொண்டிருந்தார். "என்ன?"

"மூணாவது நாள். தலை சுத்துதுன்னு, பின்மண்டையில புதுசா வலின்னு. நான் இல்லைன்னு போட்டேன். எழுத வேண்டாம்னு கெஞ்சினாங்க. ஆனா அதுக்காக மட்டும் இல்ல சார். நாற்பத்தாறு விலகிட்டாங்க. இவங்களும் போனா…"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இங்கதான இருந்தேன்" என்றார். "இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம். பத்தடி."

"ஆமா சார்."

"ஒரு தட்டு தட்டியிருக்கலாமே."

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து அலமாரியைத் திறந்து 47-ஆம் எண்ணின் கோப்பை எடுத்து என் முன் வைத்தார்.

"அழிக்காதே. ஒயிட்னர் போடாதே. முதல்ல எழுதினது தெரியணும். குறுக்கே ஒரே ஒரு கோடு. பக்கத்துல சரியானது. கையெழுத்து. இன்னைய தேதி."

கோடு போட்டேன். இரண்டு கட்டத்தில். என்னைவிட என் கை தைரியமாக இருந்தது.

"கட்டுரை?" என்று கேட்டேன்.

அவர் அதை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டார். "நீ போய் ஸ்கேன் எடு" என்றார். இத்தனைக்குப் பிறகும்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. சாப்பிடாதது, தூங்காதது, தசை இறுக்கம்.

ஏப்ரல் 25, வெள்ளி

கமிட்டி. அதே நீள மேசை. எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். கனகமணியின் கெஞ்சலை அதில் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்து, விட்டுவிட்டேன். முடிவெடுத்தது நான். சொன்னார், நான் பதியவில்லை, அவ்வளவுதான் எழுதினேன்.

கிழிசல் முதலிலேயே தொடங்கியிருந்ததா, அந்தத் தள்ளுதலால் வந்ததா என்று ஒருவர் கேட்டார். யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர்கள் கூப்பிட்டிருந்த நரம்பியல் டாக்டர். கிழிசல் தொடங்கும்போதே கழுத்து வலியும் தலைவலியும் வரும், அதற்காகவே சிலர் சிகிச்சைக்கு வருவார்கள். "ஆனா ஆம்னு எழுதியிருந்தா ரெண்டுல எதுவா இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பாங்க" என்றார். அது எனக்கும் தெரியும்.

ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது. என் ஆய்வுப் பதிவு ரத்தாகும், கடிதம் வரும். குடும்பத்துக்குக் கமிட்டி எழுத்தில் தெரிவிக்கும். அதற்கு முன் நானே நேரில் சொல்ல அனுமதி கேட்டேன். வக்கீல் அம்மா, "அது உங்களுக்காகவா, அவங்களுக்காகவா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அனுமதித்தார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

சேலத்துக்காரரின் நம்பரைச் சாரிடம் வாங்கிப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கேள்விகளைக் கேளுங்கள் என்றேன். அவர், "குரூப்ல நீங்களே போட்டுருங்க மேடம்" என்றார். என் பெயரோடு போட்டேன். பதில்களைப் படிக்கவில்லை.

மே 4, ஞாயிறு

திருப்பூர் போனேன். நாச்சிமுத்து வீட்டில் இருந்தார். கனகமணி சுவரோரம் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கூழ் விழுங்கிக்கொண்டிருந்தார். நான் வந்த காரணம் என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

சொன்னேன். அன்று அவர் சொன்னதை, நான் இல்லை என்று போட்டதை, சார் நம்பியது என் ஃபாரத்தைத்தான் என்பதை. "சார் மேல எந்தத் தப்பும் இல்லை. இவங்க மேலயும் இல்லை" என்று நாச்சிமுத்துவிடம் சொன்னேன்.

அவர் கத்துவார், மணிக்கட்டைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கிட்டயும் சொன்னாளுங்க" என்றார். "அன்னைக்குக் காலைல. தல சுத்துது, இன்னைக்குப் போகோணுமான்னு. நாந்தான், மேடம்கிட்டப் போயிட்டு வா, ஒரு சடக்குப் போட்டா எல்லாஞ் செரியாப் போயிரும்னு பஸ் ஏத்தி உட்டேன்."

அவர் அதைச் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. வேறொருவரும் இதே இடத்தில் நிற்கிறார் என்ற நிம்மதி. அது வந்ததை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தச் சாரப் போய் அத்தன பேரு முன்னால அப்புடி வஞ்சதும் அதுக்குத்தானுங்க. என்னைய நானே வய்யறதுக்குப் பதுலா. ஆனா மேடம், நான் பண்டல் கட்டறவன். எனக்கென்னங்க தெரியும்? உங்கள அதக் கேக்கறதுக்குன்னே அங்க உக்கார வெச்சிருந்தாங்க."

"ஆமாங்க" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து வைத்த டீ தரையில் இருந்தது. கனகமணி சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பியிருந்தார். சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசியில் அந்த உடைந்த குரலில், என்னிடம் அல்ல, கணவரிடம் சொன்னார்:

"அவங்களை டீயைக் குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க."

குடித்துவிட்டு வந்தேன்.